பிள்ளை யாருடன் போகிறது?



லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில் ஒரு யாத்திரை கூறப்பட்டிருக்கிறது. பாஸ்காத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் எருசலேம் போய்வரும் குடும்பம் ஒன்று, பிள்ளைக்கு 12 வயதான அவ்வருடமும் வழக்கம்போலப் போயிற்று. திருவிழா முடிந்து ஊரவரும் உறவினரும் ஒரே கூட்டமாகத் திரும்பினர். பிள்ளை கூட்டத்தில்தானே இருக்கும் என்று சூசையப்பரும் நினைத்தார், மாதாவும் நினைத்தார். ஒரு நாள் வழி நடந்த பின்பே பிள்ளை இல்லை என்பது தெரிந்தது. ஆண்கள் ஒரு பிரிவாகவும் பெண்கள் ஒரு பிரிவாகவும் நடந்ததனால், தாயுடன் இருக்கிறான் என்று தகப்பனும், தகப்பனுடன் இருக்கிறான் என்று தாயும் எண்ணியிருப்பர் எனப் பழைய பிரசங்கிமார் விளக்கம் கூறுவதுண்டு.

திருக்குடும்பத்தையே மூன்று நாள் கலங்க வைத்தது எது? கொடியவர் எவருமல்லர். கூட்டம் நல்ல கூட்டம். எல்லாரும் தெரிந்தவர்கள். அதனாலேயே எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

நமது திருகோணமலைப் பங்குகளிலிருந்து பிள்ளைகள் வெளியூர் சென்று இராத் தங்கும் பயணங்கள் ஒன்றா இரண்டா? ஆவணியில் மடு மாதாவின் திருவிழா. செப்டெம்பரில் ஆயித்தியமலைச் சதாசகாய அன்னையிடம் யாத்திரை. பீடப்பணியாளருக்கு ஒரு தியானம், இளைஞர் ஒன்றியத்துக்கு ஒரு பாசறை, மறைக்கல்வி மாணவருக்கு ஒரு சுற்றுலா. இவற்றை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் சம்பளமின்றி உழைக்கும் தொண்டர்கள். தமது விடுமுறையையும் கைப்பணத்தையும் செலவிட்டு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறார்கள். அவர்களுக்கு நாம் நன்றியுள்ளவர்களாக இருக்க வேண்டும். அந்த நன்றியே நம் வாயை அடைத்துவிடக்கூடாது என்பதைத்தான் இன்று சொல்ல வருகிறேன்.

யுத்த காலத்தில் பிள்ளையை இரவில் வெளியே அனுப்ப எந்தத் தாய் துணிந்தாள்? ஊரடங்கு, சோதனைச்சாவடி, சுற்றிவளைப்பு என்று நாட்கள் கழிந்தன. 2009இல் யுத்தம் ஓய்ந்த பின் பாதைகள் திறந்தன, பிள்ளைகள் மறுபடி பயணம் போகத் தொடங்கினார்கள். நல்லதே. ஆயினும் அக்காலம் நம்மிடம் ஒரு பழக்கத்தை விட்டுச்சென்றிருக்கிறது. ஆபத்து என்றால் வெளியிலிருந்து, தெரியாதவனிடமிருந்து, சீருடையிலோ ஆயுதத்தோடோ வரும் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். கூடாரத்தின் உள்ளே, ஜெபமாலை சொல்லி முடித்த பின், எல்லாரும் அண்ணா என்று அழைக்கும் ஒருவரிடமிருந்து அது வரலாம் என்பதை மனம் ஏற்க மறுக்கிறது.

ஏற்க மறுத்ததனால் என்ன நேர்ந்தது என்பதற்குப் பிரான்ஸ் நாட்டைப் பாருங்கள். லியோன் மறைமாவட்டத்தில் பேர்னார் பிரேனா என்னும் குருவானவர் ஒரு சாரணர் குழுவை நடத்தினார். பாடலும் பாசறையுமாகப் பேர்பெற்ற குழு அது. பெற்றோர் மனமுவந்து தங்கள் ஆண் பிள்ளைகளை ஒப்படைத்தனர். 1970களிலும் 80களிலும் அந்தப் பாசறைகளில் அவர் சிறுவர்களைக் கெடுத்துவந்தார். 1991இல் பெற்றோர் சிலர் மேலிடத்துக்கு முறையிட்டபோது, சாரணர் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். ஆனால் விஷயம் பொலிசுக்குப் போகவில்லை. 2015 வரை அவர் பங்குகளில் பணியாற்றினார். அன்றைய சிறுவர்கள் நாற்பது வயது கடந்த ஆண்களாகி, ஒன்றுகூடி வாய் திறந்த பின்பே 2019இல் திருச்சபை நீதிமன்றம் அவரைக் குருத்துவ நிலையிலிருந்து நீக்கியது. 2020 மார்ச்சில் அரச நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அமெரிக்காவின் பெரிய சாரணர் இயக்கம் அதே 2020இல் வங்குரோத்து மனுத் தாக்கல் செய்தது. அதன் பாசறைகளிலும் கூட்டங்களிலும் கெடுக்கப்பட்டோம் என்று 80,000க்கும் மேற்பட்டோர் இழப்பீடு கேட்டு முன்வந்தனர்.

கத்தோலிக்கப் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். எழுதாமல் விட்ட காலத்தின் கணக்கைத்தான் மேலே சொன்னேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். லியோனில் கெடுக்கப்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். நம்மிடையே பெண் பிள்ளையை அனுப்புவதென்றால் ஆயிரம் கேள்வி கேட்கிறோம். மகன் என்றால், ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன என்று பையைத் தூக்கிக் கொடுத்து விடுகிறோம். இந்த நினைப்பை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையையும் அனுப்பாதீர்கள்.

அப்படியானால் அனுப்பாமலே விட்டுவிடலாமா? அதுவும் தகாது. தாய் தந்தையை விட்டு ஓரிரவு வேறிடத்தில் படுத்து, பிறர் சமைத்ததை உண்டு, தன் வயதுப் பிள்ளைகளோடு ஜெபித்து வளராத பிள்ளை எங்கே தன் அழைத்தலை உணரும்? தோபித்து ஆகமத்தை எடுத்து வாசியுங்கள். கண்பார்வை இழந்த முதிய தோபித்து, தன் ஒரே மகன் தோபியாவை மேதியா நாட்டுக்கு அனுப்புகிறார். வழித்துணையாக ஒருவர் வந்து நிற்கிறார். வந்தவர் இரபேல் தூதர், ஆனால் அது தகப்பனுக்குத் தெரியாது. வந்தவர் நல்லவராகவே தோன்றினார். இருந்தும் தோபித்து என்ன செய்தார்? நீர் எந்தக் கோத்திரம், எந்தக் குடும்பம், யாருடைய மகன் என்று விசாரித்தார். அது எதற்கு என்று தூதர் கேட்டபோதும் அவர் விடவில்லை. பதில் கிடைத்த பிறகே, நான் விசாரித்ததற்காகக் கோபிக்க வேண்டாம் என்று பணிவாகக் கூறி, கூலியையும் பேசி முடித்து மகனை அனுப்பினார். (தூதர் சொன்ன பெயர் அவருடைய சொந்தப் பெயரல்ல என்பது வேறு கதை. விசாரித்தும் தெரியாமல் போவதுண்டு. ஆகவே விசாரணையோடு மட்டும் நின்றுவிடவும் கூடாது.)

முதலாம் இரவு அவர்கள் திக்ரிஸ் ஆற்றங்கரையில் தங்கினர். கால் கழுவ இறங்கிய இளைஞன்மேல் ஒரு பெரிய மீன் பாய்ந்தது. துணை வந்தவர் கரையில் இருந்தார். உடனே குரல் கொடுத்து, என்ன செய்ய வேண்டுமென்று சொன்னார். உறங்கப் போயிருக்கவில்லை, வேறு வேலையாகவும் போயிருக்கவில்லை.

தலைவர்களாகிய அன்பர்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. பெற்றோர் உங்களை விசாரித்தால், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று மனம் நோகாதீர்கள். நமது துறைமுகத்தைப் பாருங்கள். முப்பது வருடம் கடலோடிய கப்டனும் பெரிய கப்பலைக் கொட்டியாரக் குடாவிலிருந்து உட்துறைமுகத்துக்குக் கொண்டுவரும்போது துறைமுக வழிகாட்டியைத் தன் கப்பலில் ஏற்றிக்கொள்கிறார். தன் திறமையைச் சந்தேகித்தார்கள் என்று அவர் கோபிப்பதில்லை. ஒழுங்கு உங்களுக்கும் காவல். ஒருவர் தனியே ஒரு பிள்ளையுடன் இருக்க நேரும் நிலையே உண்டாகாவிட்டால், உங்கள்மேல் வீண்பழி வரவும் இடமிராது.

அந்த ஒழுங்கு பெரிய வித்தையுமல்ல. எந்த நேரத்திலும் வளர்ந்தவர் இருவராவது பிள்ளைகளோடு இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் போனால் பெண் தலைவிமாரும் கட்டாயம் போக வேண்டும், அருட்சகோதரி ஒருவர் வருகிறார் என்று ஒரு தலைவியோடு சமாளிக்கக் கூடாது. பெரியவர் எவரும் ஒரு பிள்ளையைத் தன் பாயிலோ தன் அறையிலோ தனியே படுக்கவைக்கலாகாது. பாவசங்கீர்த்தனமும் ஆலோசனையும் பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நடக்கட்டும், காதுக்குக் கேட்க வேண்டியதில்லை. மடு வளவில் பல்லாயிரம் பேர் கூடும் இரவில் மலசலகூடத்துக்குப் பிள்ளைகள் தனித்துப் போகாமல் சேர்ந்து போக வேண்டும். மதுபானம் தலைவர்களின் கையில் ஒரு துளியும் கூடாது. இதைச் சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கைத்தொலைபேசியில் பிள்ளைகள் குளிப்பதை, உடை மாற்றுவதைப் படமெடுத்தல் விளையாட்டு அல்ல, குற்றம். இதுபற்றி யாருக்கும் சொல்லாதே என்று ஒரு பெரியவர் ஒரு பிள்ளையிடம் கூறினால், அது பரிசாகவே இருந்தாலும், அந்தப் பரிசில் ஏதோ பிழை உண்டு.

கடலைப்பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நம் பிள்ளைகள் கடற்கரையில் பிறந்தவர்கள், நீந்தத் தெரியும் என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். நிலாவெளியில் ஆனி ஆடி மாதங்களில் கடல் குளம்போலக் கிடக்கும். ஆனால் கச்சான் கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். காற்றடித்த ரியூப்பில் மிதக்கும் சிறுவனை அது சத்தமில்லாமல் வெளியே கொண்டுபோய்விடும். மார்கழியிலோ வாடைக்கடல். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்த காலத்தில் மக்களை ஏற்றிச்சென்ற மிதப்புப்பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் நால்வர் உட்பட ஆறு பேர் அன்றே உயிரிழந்தனர். அது சுற்றுலாப் பயணமல்ல, பள்ளிக்கூடம் போகும் தினசரிப் பயணம். நேற்றுப் போனது, முந்தாநாள் போனது, இன்றும் போகும் என்ற எண்ணத்தோடுதான் தாய்மார் பிள்ளைகளை வழியனுப்பியிருப்பர். புறாமலைக்குப் பிள்ளைகளைப் படகில் ஏற்றுகிற தலைவர் ஒவ்வொருவரும், உயிர்காப்பு அங்கி தலைக்கொன்று இருக்கிறதா என்று தன் கையால் எண்ணிப் பார்க்கட்டும். இல்லையென்றால் கரையிலேயே விளையாடிவிட்டு வரலாம். தீவைப் பார்க்காமல் வந்த பிள்ளை இன்னொரு நாள் பார்க்கும்.

இனிக் கடினமான பகுதி. எல்லாக் கவனத்துக்கும் பிறகு ஒரு பிள்ளை வந்து ஏதோ சொல்கிறது, அல்லது சொல்லாமல் ஒதுங்கி இருக்கிறது என்றால் என்ன செய்வீர்கள்?

சாமுவேலின் இரண்டாம் ஆகமம் 13ஆம் அதிகாரத்தில் தாமார் என்னும் பெண்ணின் துயரம் எழுதப்பட்டிருக்கிறது. கோயிலில் அதிகம் வாசிக்கப்படாத அதிகாரம் அது. தாவீது அரசனின் மகளை, அவளுடைய சகோதர முறையான அம்னோன் கெடுத்தான். அவள் மறைக்கவில்லை. தலையில் சாம்பல் போட்டு, ஆடையைக் கிழித்து, சத்தமிட்டு அழுதுகொண்டு போனாள். அண்ணன் அப்சலோம் அவளை வாய்மூடச் சொன்னான், அவன் உன் சகோதரனல்லவா என்றான். தகப்பன் கேள்விப்பட்டுக் கடுங்கோபம் கொண்டார், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. தாமார் அண்ணன் வீட்டில் பாழாய்க் கிடந்தாள். இரண்டு வருடத்தின் பின் அப்சலோம் அம்னோனைக் கொன்றான். பிறகு தகப்பனுக்கு எதிராகவே கிளம்பினான். குடும்ப மானத்துக்காக மூடிய வாய் எத்தனை கொலைக்கு வழி திறந்தது!

நமது வீடுகளில் என்ன சொல்கிறோம்? ஊர் சிரிக்கும். கோயிலுக்கு அவமானம். பெட்டையின் வாழ்வு கெட்டுவிடும். அவர் எவ்வளவு நல்ல மனுசன், நீ தவறாக விளங்கியிருப்பாய். பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்காது. ஆகையால் முதல் முறையே நம்புங்கள், அடிக்காதீர்கள், திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லி வதைக்காதீர்கள், சந்தேகிக்கப்பட்டவரை அழைத்துவந்து பிள்ளையின் முன் நிறுத்திச் சமாதானம் பேசாதீர்கள். கேட்டதை எழுதி வைத்துக்கொண்டு, அன்றைக்கே அறிவிக்க வேண்டியவர்களிடம் அறிவியுங்கள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1929, இரவிலும் எடுக்கலாம். பொலிஸ் நிலையத்தில் சிறுவர், மகளிர் பிரிவு உண்டு. சம்பந்தப்பட்டவர் குருவானவராகவோ துறவியாகவோ இருந்தாலும் இதில் விலக்கில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2019இல் வெளியிட்டு 2023இல் புதுப்பித்த சட்டம், இப்படிப்பட்டதை அறியும் குருக்களும் துறவிகளும் திருச்சபை அதிகாரியிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. முறையிட்டவரை மௌனமாயிருக்கும்படி கட்டுப்படுத்தக் கூடாது என்கிறது. நாட்டுச் சட்டத்தின் கடமைகளையும் அது குறைக்கவில்லை. பங்குத்தந்தையிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்த மடு யாத்திரைக்கு முன் உங்கள் பங்கில் பெற்றோரைக் கூட்டுவார்கள். வழக்கமாக அங்கே வான் கூலியும் சாப்பாட்டுக் காசும் மட்டுமே பேசப்படும். இம்முறை எழுந்து கேளுங்கள். வருகிற பெரியவர்கள் யார் யார்? இரவில் யார் எங்கே படுப்பார்கள்? விழித்திருப்பது எவர்? இழுப்பு உள்ள பிள்ளையின் மருந்து யார் கையில்? பிள்ளைக்கு மனம் சரியில்லையென்றால் நடு இரவில் யாருடைய தொலைபேசியில் என்னை அழைக்கலாம்? பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதி போகிறவர்களிடமும் ஒன்று ஊரில் நிற்பவரிடமும் இருக்கட்டும். வாகனம் திரும்பிக் கோயில் வாசலில் நின்றதும் அந்தப் பட்டியலை வாசித்து, எந்தப் பிள்ளை யார் கையில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பிள்ளையின் தகப்பன் கடலால் வரத் தாமதமாகலாம். அவர் வரும்வரை தலைவர்களில் இருவர், ஒருவரல்ல, இருவர், வாசல் வெளிச்சத்தில் அந்தப் பிள்ளையோடு நிற்க வேண்டும்.