சரீரம் யாருடைய உடைமை?

ஏகாதசியன்று விடியற்காலையில் ஓசூர்ப் பக்கத்து ஆஸ்திக இல்லங்கள் சிலவற்றில் ஒரே விதமான காட்சியைக் காணலாம். மகன் ஆலையின் முதல் ஷிப்டுக்குப் புறப்பட்டு நிற்கிறான். எழுபது வயதைக் கடந்த தந்தையார் நீராடித் திருமண் இட்டுக்கொண்டு அமர்ந்திருக்கிறார். சர்க்கரை நோய்க்கான மாத்திரை அலமாரியிலேயே கிடக்கிறது. “இன்று உபவாஸம். கஞ்சியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். என் உடம்பு, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். எல்லைப்புறமாதலால் இந்தச் சொல் சில வீடுகளில் தெலுங்கிலும் சில வீடுகளில் கன்னடத்திலும் வரும்; பொருள் ஒன்றே. கம்பெனி பஸ் காத்திராது. மகன் சினத்தோடு போகிறான்; அல்லது கலக்கத்தோடு போகிறான். இத்தகைய பெரியவரை வற்புறுத்துவது தர்மமா, அவர் போக்கில் விட்டுவிடுவது தர்மமா?

இதே சங்கடத்தில் அகப்பட்டுக்கொண்டவர் இந்த மண்ணிலேயே பிறந்த ஒரு பெரியவர். ஓசூருக்கு அருகில் தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஸ்ரீவைஷ்ணவக் குடும்பத்தில் தோன்றிய ராஜாஜிக்கு, காந்தியடிகள் ஒன்பது ஆண்டு மூத்தவர், தலைவர், அதோடு சம்பந்தியாகவும் ஆகவிருந்தவர். ராஜாஜியின் மகள் லக்ஷ்மியும் காந்தியடிகளின் மகன் தேவதாஸும் பெரியோர் சொற்படி ஆண்டுக்கணக்கில் பிரிந்து காத்திருந்த காலம் அது. 1933-இல் எரவாடாச் சிறையில் காந்தியடிகள் இருபத்தொரு நாள் உபவாஸம் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்து மூன்று.

ராஜாஜி பூனா சென்று வாதாடினார். உபவாஸத்துக்கு முன் வைத்தியர்கள் பரிசோதிக்கவாவது இசைய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். காந்தியடிகளோ அதை நம்பிக்கைக் குறைவு என்று கருதிச் சினந்துகொண்டார். பின்னர் ராஜாஜியின் மனத்தைப் புண்படுத்தியதற்கு வருந்தி எழுதினார். இது சாமான்யமான செய்தியன்று. பெரியவர்களின் சினத்திற்குப் பின்னால் இளையோர் அறியாத வருத்தம் ஒன்று இருக்கக்கூடும். எனினும் உபவாஸம் நிற்கவில்லை. மே 8-ஆம் நாள் தொடங்கி 29-ஆம் நாள் நிறைவேறியது. ஜூன் 16-ஆம் நாள் அதே பூனாவில் திருமணம் நடந்தது. வாதம் தோற்றது; உறவு தோற்கவில்லை. ராஜாஜி சொல்ல வேண்டியதைச் சொன்னார். சொன்னபின் முகம் திருப்பிக்கொண்டு போய்விடவில்லை.

ஸ்ரீராமாநுஜ ஸித்தாந்தத்தில் ஜீவன் பகவானுக்குச் சேஷன். அவன் உகப்புக்கென்றே இருப்பவன். அவனுடைய பொருளைத் தன்னுடையது என்று எண்ணுவதற்கு ஆத்மாபஹாரம், அதாவது திருட்டு, என்று பெரியோர் பெயரிட்டனர். ஆத்மாவே நம்முடையதன்று என்றால் அதற்குக் கைங்கர்யக் கருவியாகக் கிடைத்த சரீரம் மட்டும் நம்முடையது ஆவது எப்படி? எசமானனின் பசுவை மேய்ப்பவன் அதைப் பட்டினி போட்டுவிட்டு, “என் பசு” என்று சொன்னால் எசமானன் ஏற்பானா? சரீரத்தை அறிவின்றி வாட்டும் கடுந்தவத்தைக் கீதையின் பதினேழாம் அத்தியாயம் ஆஸுரம் என்றே ஒதுக்குகிறது.

ஆனால் இந்த நியாயம் மகனையும் விடுவதில்லை. “என் அப்பா, நான் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும்” என்பதிலும் அதே ‘என்’ ஒளிந்திருக்கிறது. தந்தையாரும் அவன் உடைமையல்லர். பிறர் எதிரில் அவரை அதட்டுவதும், பாலில் மருந்தை மறைத்துக் கொடுப்பதும், பேரக்குழந்தையை அனுப்பமாட்டேன் என்று மிரட்டுவதும் அன்பின் பெயரால் நடக்கும் அபஹாரங்களே.

அப்படியானால் வழி என்ன? கஸ்தூர்பா அம்மையார் ஒரு வழியைக் கண்டார். 1918-இல் கேடா ஜில்லாவில் ஊர் ஊராக அலைந்து காந்தியடிகள் சீதபேதியால் மரணத்தின் விளிம்புக்கே போனார். பால் அருந்தினாலன்றி உடம்பு தேறாது என்றார் வைத்தியர். பசுவுக்கும் எருமைக்கும் கறவையில் இழைக்கப்படும் கொடுமையை எண்ணித் தென்னாப்பிரிக்காவிலேயே பாலைத் துறந்தவர் அவர். அருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், அப்படியானால் ஆட்டுப்பாலுக்குத் தடை இருக்க முடியாதே என்றார். அவர் விரதத்தைப் பழிக்கவில்லை. விரதத்துக்குள்ளேயே ஒரு கதவைத் திறந்தார். காந்தியடிகள் இணங்கினார். ரௌலட் சட்டத்தை எதிர்க்க உயிரோடிருக்க வேண்டும் என்ற ஆவலே தம்மை இணங்கவைத்தது என்றும், விரதத்தின் சொல்லைக் காத்து உள்ளுயிரை விட்டுவிட்டோமே என்ற உறுத்தல் நீங்கவில்லை என்றும் ஸத்திய சோதனையில் ஒளிக்காமல் எழுதினார். ஆகவே இந்த வழி முழுதும் மாசற்றது என்று சொல்லிவிட முடியாது. பிழைத்தவர் நெஞ்சில் ஒரு முள் தங்கிற்று.

ஏகாதசி விஷயத்தில் அந்த முள்ளுக்கும் இடமில்லை. சாஸ்திரமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. உபவாஸ விதி எட்டு வயதுக்கு மேற்பட்டு, எண்பது நிறையாதவர்களுக்கே. விரதத்தைக் குலைக்காதவை எட்டு என்று மகாபாரதம் எண்ணுகிறது. அவற்றுள் நீர், பழம், பால், குருவின் சொல், மருந்து ஆகியவை அடங்கும். எனவே மகன் கையில் மாத்திரையோடு வாதாடுவதைவிட, பெரியவர் மதிக்கும் ஆசாரியரையோ வித்வானையோ இரண்டு வார்த்தை சொல்லச் சொல்வது மேல். வைத்தியரிடமும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சர்க்கரை மாத்திரைகளில் சில, உண்ணாமல் போட்டுக்கொண்டால் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாக்கும். மருந்தை அறவே நிறுத்தினாலோ சர்க்கரை ஏறிவிடும். இதை உபவாஸத்தன்று காலை ஆறு மணிக்கு வாசற்படியில் தீர்மானிக்க முடியாது. இந்த உடம்பு நன்றாயிருந்தால்தானே அடுத்த பிரம்மோத்ஸவத்தில் தேர்வடம் தொட்டு வர முடியும் என்று கேட்டால் இசையும் முதியவர்கள் உண்டு. ஆரோக்கியத்துக்காக இணங்காதவர் கைங்கர்யத்துக்காக இணங்குவார்.

விட்டுவிட வேண்டிய வேளையும் உண்டு. 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைச் சிறையில் கஸ்தூர்பா அம்மையார் இறுதிநிலையில் இருந்தார். அரிதாகக் கிடைத்த பென்ஸிலினை விமானத்தில் வரவழைத்த தேவதாஸ், அதை அன்னைக்குச் செலுத்தியே ஆகவேண்டும் என்று மன்றாடினார். சில மணிக்கு ஒருமுறை ஊசி குத்த வேண்டும் என்றறிந்த காந்தியடிகள், போகும் உயிரை வதைக்க வேண்டாம் என்று தடுத்தார். மகன் கண்ணீரோடு அடங்கினார். 22-ஆம் நாள் மாலை அம்மையாரின் உயிர் கணவரின் மடியில் பிரிந்தது.

அலமாரியில் கிடக்கும் சர்க்கரை மாத்திரை அந்த வகையைச் சேர்ந்ததன்று.