தவளையின் கேடயமும் மனிதனின் கடமையும்

மருந்து அதனை உட்கொள்பவனுக்கு மாத்திரம் உரியதா என்னும் வினா, வைத்தியத்துக்கு மட்டுமன்றி அறவியலுக்கும் உரியதாகும். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945 இல் ஆற்றிய நோபல் பரிசு உரையில் இதனை ஒரு கற்பனை உதாரணத்தால் விளக்கினார். தொண்டை நோவுற்ற ஒருவன் பெனிசிலினைப் போதிய அளவின்றி உட்கொள்கின்றான். மருந்துக்குப் பழகிவிட்ட கிருமி அவன் மனைவியைத் தொற்றுகின்றது. மருந்து பயனளியாமையால் அவள் இறக்கின்றாள். அம்மரணத்துக்குப் பொறுப்பாளி கணவனே என்பது பிளெமிங்கின் முடிபு.

இன்று நுண்ணுயிர்க்கொல்லிகள் பல வலுவிழந்துவருதலின், விலங்குகளின் உடலில் மாற்று மருந்து தேடப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகத்தில் பணியாற்றிய மைக்கேல் சஸ்லோவ், சத்திரசிகிச்சையின் பின் கிருமிகள் மலிந்த தொட்டிநீரில் விடப்பட்ட ஆபிரிக்க நகத்தவளைகளின் காயங்கள் சீழ்கொள்ளாது ஆறுவதை அவதானித்தார். அவற்றின் தோலிலிருந்து தாம் பிரித்தெடுத்த பெப்தைட்டுகளுக்கு, கேடயம் எனப் பொருள்படும் எபிரேயச் சொல்லின் அடியாக மகெய்னின் என 1987 இல் பெயரிட்டார். இவை பற்றீரியாவின் மென்சவ்வையே துளைத்துச் சிதைப்பன. ஆதலின் கிருமிகள் இவற்றுக்கு எளிதில் எதிர்ப்பு வலிமை பெறா எனக் கருதப்பட்டது.

2003 இல் கிரஹம் பெல், பியர் ஹென்றி கூயோன் ஆகியோர் ஓர் ஐயத்தை எழுப்பினர். இத்தகைய பெப்தைட்டுகள் மனித உடலிலும் இயல்பாகச் சுரக்கின்றன. மருந்தாக வந்த பெப்தைட்டை வெல்லப் பழகும் கிருமி, நம் பிறவிக் காப்பையும் வெல்லக் கற்றுவிடின் யாது செய்வது? 2006 இல் வெளியான பரிசோதனையில், மகெய்னினை ஒட்டி ஆக்கப்பட்ட பெக்சிகனான் சிறுகச் சிறுகக் கூட்டிக் கொடுக்கப்பட்டபோது, 24 பற்றீரியாக் கால்வழிகளில் 22 எதிர்ப்பு வலிமை பெற்றன. அவ்வாய்வில் சஸ்லோவும் பங்குகொண்டார். தம் நம்பிக்கையைத் தாமே சோதனைக்கு உட்படுத்திய அந்நேர்மை போற்றத்தக்கது. 2012 இல் வெளியான மற்றோர் ஆய்வில், பெக்சிகனானுக்குப் பழகிய ஸ்டபிலோகொக்கஸ் கிருமி, மனித வெண்குருதிக் கலங்களிலுள்ள டிபென்சின் ஒன்றையும் தாங்கியது.

பெனிசிலின் பயனற்றுப்போகுமிடத்து நாம் இழப்பது ஒரு மருந்தை. இங்கு இழக்கக்கூடியதோ, அம்மருந்தை ஒருநாளும் உட்கொள்ளாதவனின் பிறவிக் காப்பை.

அவ்வாறாயின், கண்முன்னே மரணத்தோடு போராடும் நோயாளிக்கு இம்மருந்தை மறுப்பதோ எனச் சிலர் வினவலாம். பிறவாதவர் பொருட்டு இருப்பவரைக் கைவிடுதல் அறமாகாது. ஆயின் உயிர்காக்கக் கொடுப்பதும் கால்நடைகளைக் கொழுக்கவைக்கக் கொடுப்பதும் ஒன்றல்ல. தவளை தன் கேடயத்தைக் கையாளும் முறை ஈண்டு நோக்கற்பாலது. அது பல பெப்தைட்டுகளை ஒருசேர, ஊறு நேரும் வேளையில், வேண்டுமிடத்திற் சுரக்கின்றது. நாமோ ஒன்றையே பெருமளவில் ஆக்கி, எங்கும் எப்போதும் பரப்ப முனைகின்றோம். தவளையிடம் பொருளைப் பெற்றுக்கொண்ட நாம் அளவைப் பெற்றுக்கொள்ளவில்லை.

பிளெமிங்கின் கதையில் கணவன் தன் பிழையின் விளைவை வீட்டினுள்ளேயே கண்டான். நமது கவனயீனத்தால் மடிவோரை நாம் காணப்போவதில்லை. காணாதார்க்கும் கடமைப்பட்டுள்ளோம் என ஏற்றுக்கொள்ளாதவரை, எப்புதிய மருந்தும் பழைய பிழையைத் தொடர்வதற்குக் கிடைத்த தவணையாகவே அமையும்.