வரப்பும் மனச்சான்றும்

இறைவன் அனைத்தையும் அறிந்தவர். அவர் அறியாத பாவம் எதுவுமில்லை. அங்ஙனமிருக்க, நம் பாவத்தை மற்றொரு மனிதரின் செவியில் உரைக்க வேண்டிய தேவை என்ன? ஒப்புரவு அருட்சாதனத்தைக் குறித்து நம்மில் பலர் எழுப்பும் வினா இது. எளிதில் ஒதுக்கத்தக்க வினாவன்று.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் கணியம்பாடி வயல்களை நாம் கண்டிருப்போம். அத்தகைய வயலொன்றில், ஒவ்வோர் உழவின்போதும் பொதுவரப்பைத் தன் பக்கம் ஒரு விரற்கடை செதுக்கி, அடுத்தவர் பக்கம் மண் அணைக்கும் ஒருவனை எண்ணிப் பாருங்கள். ஆண்டுகள் செல்லச் செல்ல வரப்பு நகர்ந்துவிடுகிறது. ஊரார் அவனை நல்லவன் என்றே மதிக்கின்றனர். இரவுதோறும் அவன் செபிக்கிறான். தான் பாவி எனச் சொல்லி இரக்கம் வேண்டுகிறான். அச்செபத்தில் பொய்யில்லை, ஆனால் வரப்பும் இல்லை.

மறைந்த பாவத்தின் வலிமை இதுவே. பொதுவான சொற்களுக்குள் அது அச்சமின்றிக் குடியிருக்கும். ‘நான் பாவி’ என்பவன் எல்லாரோடும் சேர்ந்து நிற்கிறான். ‘இன்னாருடைய நிலத்தை அபகரித்தேன்’ என்பவனோ தனித்து நிற்கிறான். தனித்து நிற்க அஞ்சுவதால்தான் மறைக்கிறோம்.

பாவத்தைத் தன் சொற்களால் பெயரிட்டுச் சொல்ல வேண்டும் என்பதைத் தமிழகத் திருச்சபை தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தது. தமிழ் எழுத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில், 1580-இல், இயேசு சபையைச் சேர்ந்த அண்டிரிக் அடிகளார் ‘கொம்பெசியோனாயரு’ என்னும் பாவசங்கீர்த்தன நூலைக் கொச்சியில் அச்சேற்றினார். தமிழ் அச்சுக்கலையின் விடியற்காலத்திலேயே மனச்சான்றை ஆராய ஒரு நூல் தேவைப்பட்டது.

எனினும், சொல்லிவிட்டால் போதுமா? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் எக்காரணத்தாலும் வெளியிடலாகாது என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் விதி. இம்மறைவு குற்றவாளிக்குப் புகலிடமாகிவிடாதா?

விடை எரிகோவின் சக்கேயுவிடம் உள்ளது. உடைமையில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நான்கு மடங்காகவும் கொடுப்பதாக அவர் எழுந்து நின்று அறிவித்தார். அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததென்று இயேசு உரைத்தது அதன் பின்னரே. திருடியதைத் திருப்பித் தருவது போன்ற ஈடுசெய்தல் கடமை என்றே 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் போதிக்கிறது. குருவானவரின் வாய் முத்திரையிடப்பட்டது. ஆகவே நிலத்துக்குரியவரிடம் பேச வேண்டிய வாய், வரப்பை நகர்த்தியவனுடையதே.

அங்கு செல்லும் துணிவை அவன் எங்கிருந்து பெறுவான்? தன் இழிவை ஒரு மனிதர் முழுவதும் கேட்டும், தான் தள்ளப்படவில்லை என்னும் அனுபவத்திலிருந்தே. கடவுளின் மன்னிப்பு மனிதச் செவியையும் மனிதக் குரலையும் நாடுவது இதனால்தான்: காயம் மனிதருக்கும் இழைக்கப்பட்டது.

வரப்பு பழைய இடத்துக்குத் திரும்பும் நாளில் அவனுக்குச் சிறிது நிலம் குறையும். ஊரில் பேர் குறைவதும் உண்டு. ஆயினும் அடுத்த வயற்காரரின் முகத்தை நேராகப் பார்த்து அவனால் நலம் விசாரிக்க முடியும். கிறிஸ்து அருளும் விடுதலை அவனுக்கு அங்கே தொடங்குகிறது.