குலவேரும் திருத்தொண்டும்

தஞ்சை இராசராசேச்சரம் 1010-ஆம் ஆண்டில் நிறைவுற்ற திருக்கோயில். 1987-ஆம் ஆண்டில் அஃது உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்றது. இன்று வழிகாட்டுவார்பின் திரளாக வருவோர் விமானத்தின் உயரத்தைக் கேட்டு வியந்து மீள்கின்றனர். ஆடற்கலை பயின்றார் ஒருவர் ஆங்கு வந்து, தம் குலத்து முன்னோர் பெயர் அக்கற்களில் உளதோ எனத் தேடுவராயின், அத்தேட்டம் உயிர்க்கு உறுதி பயப்பதோ, யான் எனது என்னுஞ் செருக்கை வளர்ப்பதோ என்பது ஆராயற்பாலது.

அக்கோயிற் கல்வெட்டொன்று, பல ஊர்த் தளிகளினின்றுங் கொணரப்பெற்ற தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைக் கூறுகின்றது. ஒவ்வொருவர் பெயரும், முன்னிருந்த தளியும், குடியிருந்த வீடும் அதன்கண் உள. ஒருவர்க்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் பங்காக விதிக்கப்பெற்றது. ஒருவர் இறப்பின் அவர்க்கு அணுக்கரான உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவர் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டே பணி நிகழ்தல் வேண்டும். குருதித் தொடர்பு வாயில் திறந்தது. உள்ளே நிறுத்தியது தகுதியே என்க.

இது சித்தாந்தத்தோடும் இயைவதாம். குடிப்பிறப்பு உடம்பைச் சார்ந்தது. உடம்பு மாயையின் காரியம். வினைக்கு ஈடாக இறைவனாற் கூட்டப்பெறுவது. உயிரோ அநாதி. ஆதலின் குலவழியிற் காணப்படும் வேர் உடம்பின் வேரேயன்றி உயிரின் வேர் அன்று.

அற்றேல் முன்னோரை நினைத்தல் பிழையோவெனின், அன்று. தென்புலத்தாரைப் பேணுதல் இல்வாழ்வான் கடன். நினைவு கடனாய் நிற்குங்கால் அறமாம். உடைமையாய் மாறுங்கால் ஆணவத்திற்கு இரையாம். 'இஃது எம்மவர் ஆடிய முன்றில்' என்பார், 'அவர் செய்த தொண்டில் எம் பங்கு யாது?' என்றும் வினவுதல் வேண்டும். பொட்டுக்கட்டும் வழக்கம் சென்னை மாகாணத்தில் 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது, ஒழிந்தது நன்றே. தொண்டுக்குத் தகுதி வேண்டும் என்னும் நெறியோ ஒழிந்திலது.

மற்றொன்றும் உளது. அப்பெண்டிர் பெயர்களின் முன்னே 'நக்கன்' என்னுஞ் சொல் நிற்கின்றது. பிறர்க்குத் தந்தை பெயர் நிற்றற்குரிய இடம் அது. நக்கன் என்பது சிவபெருமானுக்கு ஒரு பெயர். தம் வேரைத் தேடி அக்கல்லைப் படிப்பார், தாயர் பெயர்க்கு முன் அம்மையப்பன் பெயரையே காண்பர். அதனைக் கண்டு தொழுது மீள்வாரே வந்த பயனைப் பெற்றாராவர்.