தூக்கியவர் கற்றுத் தந்தால்

அமெரிக்காவில் பேஸ்பால் ஆடி ஓய்ந்தவர்கள் சிலர், அடுத்த தலைமுறைக்கு மட்டையடி சொல்லித்தரும் பயிற்சியாளராக அணிக்கே திரும்புவார்கள். அதற்குப் பதவியும் சம்பளமும் உண்டு. வேலூர் சத்துவாச்சாரியில் அப்படியொரு வேலையை ஒரு தகப்பனார் தன் மகனுக்காகச் செய்தார்.

ராணுவத்தில் இருந்த சிவலிங்கம், தேசிய அளவில் பளு தூக்கியவர். மகன் சதீஷுக்கு முதல் குரு அவர்தான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கி சதீஷ் தங்கம் வென்றார். 2018 கோல்டு கோஸ்ட்டில், தொடைக் காயத்தின் வலி முழுதும் தீராத நிலையிலும் 317 கிலோ தூக்கி மறுபடியும் தங்கம்.

பளு கையால் மட்டும் ஏறுவதில்லை. கால்கள் தரையை உந்த, கம்பி உடம்பை ஒட்டியே மேலே வரவேண்டும். கொஞ்சம் விலகினாலும் முதுகு அனுபவிக்கும். புத்தகம் இதைச் சொல்லும். ஆனால் கம்பி விலகப்போகிறது என்பதை ஒரு நொடி முன்னால் கண்டுபிடிக்க, அந்தப் பாரத்தைத் தானே சுமந்த உடம்பு வேண்டும். பதக்கப் பட்டியலில் இடம்பெறாத அந்தக் கண்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஒரு காலத்தில் ஆடிய, ஓடிய, தூக்கிய பெரியவர் ஒருவர் உங்கள் ஊரிலும் இருப்பார். இந்த ஞாயிறு, பிள்ளையை அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் வாருங்கள்.