கொடையாளி என்னும் சொல்

1955ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செவர்லே நிறுவனம் புதிய எட்டு உருளை எந்திரத்துடன் கார்களை வெளியிட்டது. அவ்வாண்டு முதல் 1957 வரை வந்த பெல் ஏர் கார்களைப் பழமை விரும்பிகள் இன்றளவும் போற்றி வருகின்றனர். அழகிய கார், ஆயின் எந்திரத்தின் ஆற்றல் பின் சக்கரங்கள் இரண்டுக்கு மட்டுமே செல்லும். பனியிலும் சேற்றிலும் அது திணறும். அதனை நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் வண்டியாக மாற்ற முனைவோர் அந்நாட்டில் உளர். அதே நிறுவனம் 1973 முதல் 1987 வரை செய்த பிக்கப் லோரிகளுள் ஒன்றைத் தேடிப் பிடித்து, வேண்டிய உறுப்புகளை அதிலிருந்து கழற்றிக்கொள்வர். உறுப்பிழக்கும் அந்த லோரியைக் "கொடையாளி" என்பது அவர்தம் வழக்கு.

இச்சொல்லிலேதான் என் மனம் தடைப்பட்டது. கொடுப்பவர் இசைந்து கொடுப்பதே கொடை. லோரிக்கு இசைவேது, மறுப்பேது என்று நகைப்போர் நகைக்கட்டும். எடுத்துக்கொண்டவன் 'கொடுக்கப்பட்டது' என்று சொல்லி மன அமைதி பெறுவது லோரியோடு நின்றுவிடும் பழக்கமா என்பதே என் வினா.

வேலையின் நுட்பத்தைச் சற்றுக் காண்போம். காரின் முன் சக்கரங்கள் தனித்தனியே சுருள்வில்லில் அமைந்தவை. அவற்றைத் தாங்கும் பகுதிகளை அறுத்தெறிந்தால்தான் லோரியின் கனத்த முன்னச்சுக்கு இடம் கிடைக்கும். அவ்வச்சு எந்திரத்தின் அடியில் குறுக்கே செல்வதால், எண்ணெய்த் தொட்டியில் இடிக்காதபடி வண்டியையே உயர்த்த வேண்டும். கியர்பெட்டியின் பின்னால், ஆற்றலை முன்னும் பின்னும் பகிரும் 'டிரான்ஸ்ஃபர் கேஸ்' அமரும். முன்னச்சின் பல்விகிதமும் பின்னச்சின் பல்விகிதமும் ஒத்திராவிடில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். ஆகவே பின்னச்சையும் லோரியிலிருந்தே எடுப்பதுண்டு. வேறு சிலர் காரின் உடலைத் தூக்கி லோரியின் சட்டகத்தின் மீதே வைத்துவிடுவர். காரின் இரு அச்சுகளுக்கிடையே 115 அங்குலம்; குறும்பெட்டி லோரிக்கு 117.5 அங்குலம். இரண்டரை அங்குல வேறுபாட்டில் உறவு கூடிவிடுகிறது!

உடைமையாளன் தன் பொருளைத் தான் விரும்பியவாறு செய்யலாம் என்பர். ஓரளவு உடன்படுகிறேன். மரையாணி கொண்டு பொருத்தியதை நாளை ஒருவன் கழற்றலாம். சட்டகத்தை அறுப்பவனோ, தனக்குப் பின் அக்காரைப் பெறப்போகும் அனைவருக்குமாக முடிவு செய்துவிடுகிறான். அவர்களை அவன் கேட்கவில்லை. லோரியைப் பொறுத்தும் ஒரு வேறுபாடு உண்டு. சாலைப் பனியை உருக்க உப்புத் தூவும் வட மாநிலங்களில், லோரியின் உடல் துருவேறி உதிர்ந்திருக்க, அச்சுகள் நலமாயிருப்பதுண்டு. அத்தகையதிலிருந்து எடுப்பதில் எனக்கு மனத்தடை இல்லை. நன்றாக ஓடும் லோரியைக் கொன்று காருக்குக் கால் கொடுப்பதை அவ்வாறு கருத இயலவில்லை.

முடிவில் நிற்பது காரா, லோரியா? வேதாளக் கதையில் தலைமாறிய இருவருள் கணவன் யார் என்ற வினாவுக்கு, கணவனின் தலையை உடையவனே என்றான் விக்கிரமாதித்தன். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது நம் பழமொழி. மக்களும் முகத்தைப் பார்த்துப் பெல் ஏர் என்றே அழைப்பர். சேற்று மேட்டில் மண்ணைப் பற்றி ஏறுவது எவருடைய கால் என்று கேட்பவர் இலர். விக்கிரமாதித்தனின் விடை எனக்கு முழு நிறைவு தருவதாக இல்லை. வகுப்பில் இக்கதையைச் சொன்னால் மாணவர் ஒருவரேனும் உடலின் பக்கம் நின்று வாதிடுவார் என நம்புகிறேன்.

காரின் எண், ஓட்டுநர் கதவின் கீல் பொருந்திய தூணில் சிறு தகட்டில் இருக்கிறது. லோரியின் எண் அடியில், இரும்புச் சட்டகத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. உடல் மாற்றிய வண்டியைப் பதிவு செய்யச் செல்பவன் எந்த எண்ணை எழுதுவான்? மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. கதவுத் தூணின் எண்ணையே எழுத அவன் விரும்புவது இயல்பு. மற்றதைப் படிக்க வேண்டுமாயின் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துச் சேற்றைத் துடைக்க வேண்டும்.