பதக்கமும் நற்பெயரும்



பந்தயத்தில் தோற்பது அவமானமல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் ஜெயித்தபின் அந்த ஜெயம் பறிக்கப்பட்டால்? பறிகொடுத்தவரைக் குற்றவாளி என்று எண்ணலாமா? இது எங்கோ தூர தேசத்துக் கேள்வியல்ல. நம் மாவட்டத்துப் பெண்ணொருவருக்கு நேர்ந்தது.

கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜனை உங்களில் பலர் அறிவீர்கள். செங்கல் சூளையில் உழைத்த ஏழைப் பெற்றோரின் மகள். ஓட்டத்தாலேயே உயர்ந்தவர். 2005-ல் கொரியா தேசத்து இன்சியானில் நடந்த ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டிலும் அதே ஓட்டத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் முடித்து வெள்ளி பெற்றார். சில நாட்களுக்குள் அவருடைய சரீர அமைப்பைப் பற்றி ஒரு பரிசோதனை. பெண்கள் பந்தயத்துக்குரிய விதிக்குள் அவர் வரவில்லை என்றார்கள். பதக்கம் போயிற்று. அந்தரங்கமாயிருக்க வேண்டிய சமாச்சாரம் உலகமெங்கும் பத்திரிகைச் செய்தியாயிற்று.

இங்கே இரண்டு காரியங்களைப் பிரித்தறிய வேண்டும். பெண்களுக்கென்று தனிப் பந்தயம் இருப்பது நியாயமே. உடன் ஓடுகிற மற்றப் பெண்களுக்கும் நியாயம் கிடைக்க வேண்டுமல்லவா? அதில் யார் ஓடலாம் என்பதைப் பற்றி அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகளச் சங்கம் மரபணுப் பரிசோதனையையே கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த வழக்கு அவர்களோடிருக்கட்டும்.

ஆனால் விதிக்குள் வராதது வேறு, குற்றம் செய்தது வேறு. கனமான காரியம், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றிச் சாவான பாவமில்லை என்று ஞானோபதேசத்தில் படித்தோமே! சாந்தி பெண்ணாய்ப் பிறந்து, பெண்ணாய் வளர்ந்து, பெண்ணாய் ஓடினார். மருந்து உட்கொண்டு ஓடினாரென்று எவரும் சொல்லவில்லை. பிறந்தபோதே தமக்கு அமைந்திருந்த சரீரத்தோடு ஓடினார். இதில் வஞ்சகம் எங்கே?

அப்படியிருக்க, தண்டனை எங்கிருந்து வந்தது? பதக்கத்தைப் பறித்தது ஒரு சங்கம். நற்பெயரைப் பறித்ததோ ஊரார் நாவு. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்து அவரைக் கௌரவித்தது. அவரும் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பயிற்றத் தொடங்கினார். ஆயினும் 2007-ல் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணியுமளவுக்கு மனமுடைந்தார். 2012-ல் செங்கல் சூளையில் தினக்கூலியாக நின்றார். 2009-ல் பெர்லினில் தங்கம் வென்ற தென்னாப்பிரிக்கப் பெண் காஸ்டர் செமெனியாவைப் பற்றியும் இதே சந்தேகம் எழுந்தது. அவர் ஊர் திரும்பியபோது ஜனங்கள் விமான நிலையத்தில் திரண்டு, ஆடிப்பாடி வரவேற்றார்கள். நாம் என்ன செய்தோம்?

நானும் என்னை விலக்கிப் பேசவில்லை. அப்போது குருமடத்து மாணவன். பத்திரிகையைச் சுற்றி நின்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை, ஆனால் சிரித்தேன். இன்றும் அது மனதை உறுத்துகிறது.

இல்லாததைச் சொல்லுவது அபாண்டம். அது பாவமென்று எல்லாருக்கும் தெரியும். உள்ளதையே அவசியமின்றி வெளியிட்டு ஒருவர் பெயரைக் கெடுப்பதும் எட்டாம் கற்பனைக்கு விரோதமே. இதை மறந்துவிடுகிறோம். “உள்ளதைத்தானே சொன்னேன்!” என்பது சாக்காகாது. திருடிய ஆட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆலங்குடிக் கடைத்தெருவில் சிதறவிட்ட வார்த்தையை எந்தக் கூடையில் பொறுக்குவீர்கள்?

நம் தெருக்களிலும் பருவமடையத் தாமதிக்கும் பெண் உண்டு. பிள்ளையில்லாத மருமகள் உண்டு. குரலோ நடையோ மற்றவரைப்போல் இராத பையன் உண்டு. அவர்கள் சரீரம் நம் திண்ணைப் பேச்சுக்குப் பொருளல்ல. இந்த வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது, யாருடைய பெயரை நாம் குறைத்தோம் என்று பார்ப்போம். எவரிடத்தில் குறைத்தோமோ, அவரிடத்திலேயே போய் அந்த ஆளைப் பற்றி நல்லதைச் சொல்லி ஈடு செய்வோம்.

சாந்தி பிற்பாடு பயிற்சியாளராகி, பிறர் பிள்ளைகளை ஓட வைத்தார். பதக்கம் போனாலும் ஓட்டத்தின் மேல் அவருக்கிருந்த அன்பு போகவில்லை. உங்கள் மகள் பள்ளி மைதானத்தில் ஓட ஆசைப்பட்டால் தடுக்காதேயுங்கள். அவள் ஜெயித்தாலும் தோற்றாலும், தலைநிமிர்ந்து திரும்பி வரத்தக்க ஊராக நம் ஊர் இருக்கட்டும்.

உங்கள் பங்குக் குரு